இரும்புச் சட்டைக்குள்ளிருந்து

சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்குப் போகும் சாலையில், வெள்ளாற்றுப் பாலத்துக்குச் சற்று இப்பால், ஒரு கோடைநாளில் வயலோரமாய்ப் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரிக் இறைத்த சேற்றிலிருந்து பத்தடிக்கு ஒரு பிடியாக எடுத்த மண் வரப்பின்மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ரிக்கை நடத்துகிறவர் அதில் ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்து நெருடிப் பார்த்தார். கரகரத்தால் மணல், வழுக்கினால் களி என்பது அவருடைய சாஸ்திரம். பல்லை மட்டும் நம்பிக் காரியத்தை முடித்துவிடாமல், கம்பிச் சுருளும் ஒரு சிறிய பெட்டியுமாக வந்திருந்த இளைஞரைக்கொண்டு குழிக்குள்ளே மண்ணின் மின்தடையை அளக்கும் லாக்கிங்கும் அவர் எடுக்கச் செய்தார். ஈயக் குண்டு கட்டிய கம்பி குழிக்குள் இறங்குவதையும், பெட்டியில் ஓடும் எண்களையும் பார்த்துப் பொறுமை இழந்த நிலத்துக்காரர், "பைப்ப இறக்கிட்டு இதையெல்லாம் அப்புறமா நிதானமாப் பாக்கக் கூடாதா, தம்பி?" என்று கேட்டார். "பைப்பு இறங்கிட்டா அப்புறம் இதுக்குக் கண்ணு தெரியாதுங்கய்யா" என்றார் இளைஞர்.

அந்தப் பதில் நூற்றுக்கு நூறு உண்மை; ஆயினும் உலகத்தில் எல்லாக் கருவிக்கும் அது உண்மையன்று. இரும்புக் குழாய் இறங்கிச் சிமெண்டும் இறுகிவிட்ட கிணற்றின் உள்ளேயிருந்து, குழாய்க்கு வெளியே இருக்கும் பாறையின் மின்தடையை அளந்துவிடும் ஒரு விசித்திரமான உபாயம் இன்று பிரயோகத்தில் இருக்கிறது. அதன் யுக்தி, ஆற்றுநீர்ப் பாசனத்தோடு பழகிய நம்முடைய பிரதேசத்தாருக்கு மற்றவர்களைவிட எளிதில் விளங்கக் கூடியது என்பது என் எண்ணம்.

முதலில் மின்தடையைப் பற்றி. பாறை தானாக மின்சாரத்தைக் கடத்துவது மிக அபூர்வம். அதன் நுண்ணிய துவாரங்களில் தங்கியிருக்கும் நீரும், அந்நீரில் கரைந்திருக்கும் உப்புமே கடத்துகின்றன. ஆகையால் உவர்நீர் நிறைந்த மணல் மின்சாரத்துக்குத் தாராளமாய் வழிவிடும். நன்னீர் நிறைந்த மணல் தடுக்கும். எண்ணெயோ வாயுவோ நிறைந்த மணல் இன்னும் அதிகமாய்த் தடுக்கும். களிப்பாறை, தன் இயல்பினாலேயே வழிவிடும். இந்தத் தடுப்பின் அளவுக்கு மின்தடை எண் என்று பெயர். அதை ஓம்-மீட்டர் என்ற அளவையால் சொல்வார்கள். துவாரத்தின் விகிதத்தையும், நீரின் உப்பையும், பாறையின் மின்தடையையும் ஒரே சூத்திரத்தில் கோத்து, பாறையில் நீர் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கணக்கிடும் வழியை 1942-ல் ஆர்ச்சி என்ற அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்டார். எண்ணெய்த் தொழிலின் கணக்குப்பிள்ளைகள் இன்றளவும் அந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் கணக்கெழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: நன்னீரும் எண்ணெயும் இரண்டுமே தடுப்பவை, தாளில் வளைகோடு உயர்ந்துவிட்டது என்பதற்காகவே எண்ணெய் கிடைத்துவிட்டதாகக் குதிக்கிறவர் ஏமாறுவார்.

இந்தப் பரீட்சையைக் கிணற்றுக்குள் முதன்முதல் நடத்திக் காட்டியவர்கள் பிரான்ஸ் தேசத்துச் சகோதரர்களான கான்ராட் ஷ்லம்பர்ஜரும் மார்செல் ஷ்லம்பர்ஜரும். 1927-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, அல்சேஸ் பகுதியில் பெஷல்பிரான் என்ற இடத்து எண்ணெய்க் கிணற்றில், கான்ராடின் மருமகனான ஆன்ரி டால் என்ற பொறியாளர் கருவியைச் சிறிது இறக்குவது, நிறுத்துவது, அளப்பது, கையால் குறித்துக்கொள்வது, மறுபடி நகர்த்துவது என்று படிப்படியாகச் செய்து, பூமியின் உட்பகுதியைப் பற்றிய முதல் மின்வரைபடத்தை எழுதினார். வெள்ளாற்றங்கரையில் நான் கண்ட கம்பிச் சுருள் அந்தக் கருவியின் ஏழைப் பேரன்.

ஆனால் அந்தக் குடும்பத்துக் கருவிகளுக்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு: குழி திறந்திருக்க வேண்டும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் குழி நெடுநாள் திறந்து நிற்காது. மேலே வண்டல், அதன் அடியில் கடலூர் மணற்பாறை என்று உலகப் புவியியல் நூல்களில் நம் ஊர்ப் பெயராலேயே வழங்கும், பல வர்ணமுடைய, விரலால் நிமிண்டினாலே உதிரக் கூடிய பாறை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி கிடப்பது இந்தத் தொகுதியில்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போடுகையில் கரிய பொருள் மேலே வந்த கதையைத் தென்னாற்காட்டில் அறியாதவர் இல்லை. இன்னும் ஆழத்தில், ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரெட்டேஷியஸ் காலத்து அடுக்குகள் இருக்கின்றன. அவற்றுக்குக் காவிரிப் படுகைப் புவியியலாளர்கள் இட்டிருக்கும் பெயர்களைக் கேட்டால் பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் கூவுவதுபோலத் தோன்றும்: அடியிலிருந்து மேலாக ஆண்டிமடம், புவனகிரி, குடவாசல், நன்னிலம், பரங்கிப்பேட்டை. பரங்கிப்பேட்டைக்கு மட்டும் வெள்ளைக்காரர் வழங்கிய 'போர்ட்டோ நோவோ' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அது களிப்பாறை, புவனகிரி அடுக்கு மணற்பாறை. எண்ணெய் தேடி இத்தனை ஆழம் துளைத்த கிணற்றைச் சரிந்துவிடாமல் நிறுத்துவதற்கும், மேலடுக்கின் நன்னீரோடு கீழடுக்கின் உவரும் எண்ணெயும் கலந்துவிடாமல் காப்பதற்கும் எஃகுக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமெண்ட் பாய்ச்சி இறுக்கிவிடுகிறார்கள். கிணற்றுக்கு அது சட்டை மட்டுமன்று, கவசம். கவசம் போட்டவுடன் கண்ணும் மறைந்துவிடுகிறது.

எவ்வளவு மறைகிறது என்பதை எண்ணால் சொன்னால்தான் பிரமிப்பு உண்டாகும். பாறையின் மின்தடை எண் 10 ஓம்-மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எஃகினுடையது அதில் ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒரு பங்கு. குழாய்க்குள் மின்சாரத்தை விட்டால் அது ராஜபாட்டையில் போகிற தேர்போல எஃகின் வழியாகவே ஓடிவிடுமேயல்லாது, சிமெண்டைத் தாண்டிப் பாறைக்குள் நுழைய அதற்கு என்ன தலையெழுத்து? எஃகுக் குழாய் இறங்கிய கிணற்றில் மின்தடை அளப்பது அசாத்தியம் என்று நெடுங்காலம் பலரும் நம்பியதற்கு இதுவே காரணம்.

இங்கேதான் வாய்க்காலை நினைத்துக்கொள்ள வேண்டும். வீராணத்து நீர் ஒரு வாய்க்காலில் ஓடுகிறது. மேல் மதகடியில் ஓடும் நீரை அளக்கிறோம். கீழ் மதகடியிலும் அளக்கிறோம். கீழே சற்றுக் குறைவாக இருக்கிறது. நடுவில் ஒருவரும் மடை திறக்கவில்லையென்றால், குறைந்த நீர் கரையில் ஊறிப்போயிற்று என்பது தெளிவு. அதிகமாய் ஊறினால் கரை மணல், ஊறாவிட்டால் களி. கரையைத் தோண்டாமலே, வாய்க்காலுக்குள் நின்றபடியே, கரை எத்தகையது என்று சொல்லிவிட்டோம்! கசிவு விவசாயிக்கு நஷ்டம். அளப்பவனுக்கோ அதுவே செய்தி.

எஃகுக் குழாயும் அவ்வாறே. அதில் ஓடும் மின்சாரம் முழுவதும் குழாயோடே போய்விடுவதில்லை. மீட்டருக்கு மீட்டர் மிகச் சொற்பமான ஒரு பங்கு பாறைக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. கடத்தும் பாறைக்கெதிரே கசிவு அதிகம், தடுக்கும் பாறைக்கெதிரே குறைவு. கருவியின் மின்முனைகள், குழாயின் உட்சுவரில் துருவையும் படிவையும் சுரண்டிக்கொண்டு அழுத்தமாகப் பதிகின்றன. அடுத்தடுத்த இரண்டு துண்டுகளில் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, மேல்துண்டின் இறக்கத்துக்கும் கீழ்த்துண்டின் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டால், அதுதான் கசிவின் அடையாளம். எஃகு இவ்வளவு நன்றாகக் கடத்துவதால்தான், குழாய் முழுவதும் ஒரே பிரம்மாண்டமான மின்முனையாகி, மின்சாரத்தைச் சுற்றுமுள்ள பாறைக்குள் நாற்புறமும் ஒழுங்காகப் பரப்பவும் செய்கிறது. தடையென்று நினைத்ததே சாதனமாகிவிட்டது.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு? குழாயில் விடும் மின்சாரம் சில ஆம்பியர். ஒரு மீட்டரில் கசிவது சில மில்லி ஆம்பியர். அதனால் எழும் மின்னழுத்த வித்தியாசம் நானோவோல்ட் கணக்கில். டார்ச் விளக்கில் போடும் 1.5 வோல்ட் பாட்டரியைப் பத்துக் கோடிக் கூறாக்கி, அதில் ஒரு கூறு இருக்கிறதா இல்லையா என்று, ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே, கொதிக்கும் வெப்பத்தில், துருப்பிடித்த குழாய்க்குள் தேடுவதற்கு ஒப்பான காரியம் அது. கருவி அசைந்தாலே அந்த ஒரு கூறு இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, ஓரிரண்டு நிமிஷம் அசையாமல் காத்து, பிறகுதான் நகர வேண்டும். 1927-ல் டால் செய்ததும் இதுதானே!

இன்னொரு சங்கடமும் உண்டு. வாய்க்காலின் தரை ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் இருந்தால் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து ஓட்டத்தைச் சொல்ல முடியாதல்லவா? அதுபோலவே குழாயின் கனம் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. தொழிற்சாலையில் நேர்ந்த ஏற்றத்தாழ்வு ஒருபுறம், அரிமானம் மறுபுறம். ஆகவே இரண்டாவது முறை, மின்சாரத்தைக் கருவியிலிருந்தே குழாய்க்குள் அடங்கிய ஒரு குறுகிய சுற்றாக ஓடவிட்டு, அந்தத் துண்டு எஃகின் தடையைத் தனியே அளந்து, முதல் கணக்கைத் திருத்துகிறார்கள். நேர்மின்சாரத்தை விட்டால் எஃகில் மின்முனைப் படிவம் உண்டாகிக் கணக்கைக் கெடுக்கும். வேகமாய் மாறும் மின்சாரத்தை விட்டால் அது எஃகின் தோலோடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது. ஆதலால் நொடிக்கு ஒரு சுற்று என்ற அளவில் நிதானமாக மாறும் மின்சாரமே உசிதமென்று கண்டார்கள். குழாய்த் துண்டுகள் சந்திக்கும் மூட்டுக்களிலும், எண்ணெய் உட்புகுவதற்காகத் துளையிட்ட பகுதிகளிலும் கணக்கு தடுமாறும்; நடுவிலுள்ள சிமெண்டும் தன் பங்குக்கு ஒரு சிறு பொய் சொல்லும்.

இந்த யுக்தி புதிதன்று. சோவியத் நாட்டு ஆல்பின் என்பவர் 1939-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அந்நாளைய மின்கருவிகளுக்கு நானோவோல்ட் என்பது கனவு. யோசனை சரியாயிருந்தும் அளக்கும் கை கிடைக்காமல் அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1990-ல் காஃப்மன் என்ற புவி இயற்பியல் அறிஞர் இதன் கணிதத்தைத் தெளிவாக்கினார். 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் கருவி தொழிலுக்கு வந்து சேர்ந்தது. விஞ்ஞான சரித்திரத்தில் மூளையை மட்டுமே கொண்டாடி, நுட்பமாய் அளக்கக் கற்ற கைகளை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தக் கதையில் அந்த ஐம்பது ஆண்டுகள் கைக்குச் சேர வேண்டியவை.

பயன் என்ன? காவிரிப் படுகையில் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகம் துளைத்த கிணறுகள் பல வயதானவை. ஒரு கிணற்றிலிருந்து எண்ணெயை எடுக்க எடுக்க, அடியிலிருந்து உவர்நீர் ஏறி வருகிறது. எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்த அடுக்கை நீர் சூழ்ந்துகொண்டது, எந்த அடுக்கில் எண்ணெய் எடுபடாமல் நின்றுவிட்டது என்பதைத் துளையிட்ட அன்று எடுத்த பழைய வரைபடம் சொல்லாது. குழாய் வழியே நியூட்ரானை ஏவிப் பார்க்கும் வேறொரு முறை உண்டெனினும், அதன் பார்வை கிணற்றுச் சுவரிலிருந்து ஒரு சாணைத் தாண்டி வெகுதூரம் போகாது. நீரில் உப்பு குறைந்திருந்தால் அதுவும் குழம்பிவிடும். கசிவுமுறையோ பாறைக்குள் மீட்டர் கணக்கில் எட்டிப் பார்க்கிறது. அன்றைய கோட்டின்மேல் இன்றைய கோட்டை வைத்தால், இரண்டும் பிரியும் இடத்தில் நீர் புகுந்திருக்கிறது என்று சின்னப் பிள்ளையும் காட்டிவிடும்.

இதற்கு நம் மாவட்டத்தில் ஒரு தனி முக்கியத்துவமும் நேர்ந்திருக்கிறது. 2020-ல் தமிழக அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து வட்டாரங்களும் அடங்குகின்றன. அங்கே எண்ணெய்க்காகவும் எரிவாயுவுக்காகவும் புதிதாகத் துளையிடுதல் கூடாது. நெல் விளையும் பூமியில் அது நியாயமான கட்டளை என்றே நான் கருதுகிறேன். முன்பே நடந்துவருகிற கிணறுகளை அச்சட்டம் மூடிவிடவில்லை. ஆகவே இனி இந்த நிலத்தடியைப் பற்றி எண்ணெய்க்காரர்கள் அறியவேண்டியவற்றை, ஏற்கெனவே இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும் கிணறுகளுக்குள்ளிருந்தே பெரும்பாலும் அறிந்தாக வேண்டும்.

வெள்ளாற்றங்கரை நிலத்துக்காரருக்கு இதில் பங்கில்லையே என்று கேட்கலாம். இல்லைதான். அவர் வயலில் அன்று இறங்கியது நீல நிறப் பிளாஸ்டிக் குழாய். அது மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை. கசிவு எங்கிருந்து வரும்? எஃகைக் கண்டு அஞ்சிய பழைய கருவியும் சரி, எஃகையே நம்பி வாழும் புதிய கருவியும் சரி, பிளாஸ்டிக்குக்கு முன்னால் இரண்டும் ஊமை. கடலை ஒட்டிய இந்த வட்டாரத்தில் நன்னீர் மணலுக்கெதிரே ஃபில்டர் குழாயை வைப்பதா, இருபதடி தள்ளி உவர் மணலுக்கெதிரே வைப்பதா என்பதில்தான் போரின் ஆயுள் அடங்கியிருக்கிறது. ஆகையால் போர் போடும் அன்பர்கள் குழாய் இறங்கும் முன்பே லாக்கிங் எடுத்துவிடுங்கள். எடுத்த தாளை நிலப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.