சந்தைக்குப் போக ஒரு தனிப் பை

விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறும் கீரைக் கட்டுகளும் காய்கறிக் கூடைகளும் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் தாண்டித் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் தெருக்களுக்கு வந்து சேருகின்றன. வாங்குவோரில் பலர் துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை செய்யும் குடும்பத்தினர். சம்பளம் வங்கியில் விழுவதால், இருபது ரூபாய்க் கீரைக்கும் அவர்கள் செல்போனைத்தான் எடுக்கிறார்கள். "சில்லறை இல்லையம்மா" என்று சொல்லி வியாபாரத்தை விட்டுவிட முடியாது. ஆகவே, கூடை வைத்து விற்கும் விவசாயியும் கியூ.ஆர். அட்டையை மாட்டிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சிறு விவசாயிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வங்கிக் கணக்குதான். பயிர்க்கடன் பணம், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் பி.எம். கிசான் 2,000 ரூபாய் எல்லாம் அதில்தான் வந்து விழுகின்றன. அந்தக் கணக்கையே செல்போனில் இணைத்து, அந்தச் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவது, வீட்டுப் பெட்டியையே தலையில் சுமந்து போவதற்குச் சமம். நம் பாட்டிமார் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, சுருக்குப் பையில் செலவுக்கு வேண்டியதை மட்டும்தான் முடிந்துகொண்டு போவார்கள்.

ப்ரீபெய்டு கார்டும் செல்போன் வாலட்டும் இந்தச் சுருக்குப் பைகளே. முன்கூட்டிப் பணம் போட்டு வைத்து, போட்ட அளவுக்கு மட்டும் செலவு செய்யலாம். களவு போனாலும் பையில் உள்ளதுதான் போகும், பெட்டி தப்பும்.

ஆனால் பையிலும் இரண்டு ரகம் உண்டு. ரிசர்வ் வங்கி 2021-ல் வெளியிட்ட விதிகளின்படி, செல்போன் எண்ணும் ஓர் அடையாள அட்டை எண்ணும் மட்டும் கொடுத்து எடுக்கும் பையில் 10,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. அதைக் கொண்டு கடையில் பொருள் வாங்கலாம், அவ்வளவே. களை எடுத்த கூலியாட்களுக்கு அதிலிருந்து பணம் அனுப்பவோ, ரொக்கமாக எடுக்கவோ வழியில்லை. இது தெரியாமல் பணத்தைப் போட்டுவிட்டு, கூலி கொடுக்கும் நாளில் கையைப் பிசைவதில் பயனில்லை. ஆதார் முதலிய விவரங்களைச் சரிபார்த்து முழுமையாகப் பதிவு செய்த பையில் 2 லட்சம் ரூபாய் வரை வைக்கலாம், பிறருக்கும் அனுப்பலாம். இந்த முழுப்பதிவுப் பையை வேறு நிறுவனத்தின் யு.பி.ஐ. செயலியிலும் இணைத்துப் பணம் கொடுக்க 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அனுமதி அளித்தது. விதைக் கடையிலோ உரக் கடையிலோ எந்த கியூ.ஆர். அட்டை மாட்டியிருந்தாலும் அதனால் கவலை இல்லை.

பையில் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. பயிர்க்கடனை எடுத்து அதில் கொட்டி வைத்தால் கடனுக்கு வட்டி ஓடும், இருப்புக்கு ஒன்றும் வராது. ஒரு வாரச் சந்தைச் செலவு எவ்வளவோ அதை மட்டும் போடுவதே போதும்.

புதிதாகக் கார்டு எடுக்க விரும்பாதவர்கள் யு.பி.ஐ. லைட் வசதியைப் பயன்படுத்தலாம். 2022-ல் வந்த இந்த வசதியில் கணக்கிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்து, ரகசிய எண் போடாமலே செலவிடலாம். உச்சவரம்பு 5,000 ரூபாயாகவும், ஒரு தடவைக்கு 1,000 ரூபாயாகவும் 2024-ல் உயர்த்தப்பட்டது. ரகசிய எண் கேட்காது என்பதால் செல்போனுக்குப் பூட்டுப் போட்டு வைப்பது அவசியம். பொத்தான் செல்போன் வைத்திருப்பவர்கள் *99# அழுத்திப் பணம் அனுப்பலாம். ஆனால் அது நேரே வங்கிக் கணக்கில் கை வைக்கும் முறை. சுருக்குப் பை அல்ல.

கூடையை விற்றுவிட்டு விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ரயிலில் நகருக்குள் போகிறவர்களுக்கு சிங்காரச் சென்னை கார்டு இருக்கிறது. 2023-ல் மெட்ரோவில் வந்தது. 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்திலும் செல்லும். மெட்ரோவின் பழைய பயண அட்டைக்கு ரீசார்ஜ் செய்வது 2025 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. செல்போன் வழியாகச் சிங்காரச் சென்னை கார்டுக்குப் பணம் போடுகிறவர்கள், நிலையத்து இயந்திரத்தில் ஒருமுறை கார்டை வைத்து எடுத்தால்தான் அந்தப் பணம் கார்டில் ஏறும். ஏறியதா என்று பாராமல் பேருந்தில் ஏறிவிட்டு நடத்துநரோடு வாதாடுவது வீண். கார்டு தொலைந்தால், அதில் ஏறிய பணத்தை எடுத்தவர் ரகசிய எண் இல்லாமலே பயணத்துக்குச் செலவழிக்கலாம். ஆகையால் இதிலும் அதிகம் போட வேண்டாம்.

இனி, பணம் வாங்கும் பக்கம். வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பிச் சரக்கைக் கொடுக்கக் கூடாது. பச்சை நிறத்தில் 'செலுத்தப்பட்டது' என்று போலியாகக் காட்டும் செயலிகள் நடமாடுகின்றன. தன் செல்போனுக்குச் செய்தி வர வேண்டும், அல்லது ஒலிபெருக்கிப் பெட்டி தொகையைச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிக்கு மாத வாடகை உண்டா என்பதையும் வாங்கும்போதே கேட்டு வைப்பது நலம்.

பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. "மொத்தக் கத்தரியையும் எடுத்துக்கொள்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் கத்தரிக்காய் வாங்க வந்தவர் அல்லர். தனியாள் தனியாளிடம் யு.பி.ஐ.யில் பணம் கேட்டு அனுப்பும் முறை 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டுவிட்டது. என்றாலும் ஏய்ப்பவர்கள் கியூ.ஆர். படம், ஓ.டி.பி. என்று வேறு வாசல் தேடுவார்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வாலட் நிறுவனத்துக்கும் தகவல் கொடுக்க வேண்டும். தன் தவறும் நிறுவனத்தின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்தால், மூன்று நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு நாளுக்குள் சொன்னால் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை அவர் பொறுப்பு. ரகசிய எண்ணைத் தானே சொல்லிக் கொடுத்திருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் அவர் தலையில்தான். கார்டு வேண்டாம் என்று மூடும்போது, மீதியைப் பணம் வந்த கணக்குக்கே திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.