நூற்ற நூலும் கேட்ட நூலும்

வடகடலிடையே உள்ள ஐஸ்லாந்துத் தீவில் டிசம்பர்த் திங்களின் நடுவிற் பகலொளி ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிலவும். அந்நெடிய இருளில் அந்நாட்டார் கம்பளி நூற்றுப் பின்னி, கிறிஸ்து பிறந்த திருநாளுக்குப் புத்தாடை சமைத்து வந்த வழக்கத்தை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு அங்குக் குடியேறியோர் தம்முடன் கொணர்ந்த ஆட்டினமே இன்றும் அந்நாட்டில் வாழ்கின்றது. அவ்வாட்டின் மேனியில் இருவகை மயிர் உண்டு. புறத்தே நீண்டு வளர்வது 'தோக்' எனப்படும். மழைநீர் அதன்மேல் வழிந்தோடும். அகத்தே குறுகி அடர்ந்திருப்பது 'தெல்' எனப்படும்; மென்மையுடையதாய் உடலின் வெம்மையைக் காக்கும். இவ்விரண்டையும் கையாற் பிரித்து, சிக்கறுத்து வாரி, கதிரில் முறுக்கி நூலாக்குவர். தனித்து நின்றால் எளிதிற் பிரிந்துபோகும் மயிர்கள் முறுக்கினால் ஒன்றையொன்று பற்றி வலிமை பெறுகின்றன. பின்னற்கலை பதினாறாம் நூற்றாண்டில் அங்குப் புகுந்தது. தறிக்கு இடம் வேண்டும். பின்னலுக்கோ ஊசிகளும் நூலுமே போதும். ஆதலின் ஆடவர், பெண்டிர், சிறுவர் யாவரும் அதனைப் பயின்றனர்.

குளிர்கால இரவுகளில் வீட்டார் அனைவரும் ஓர் அறையிற் கூடித் தத்தம் படுக்கைமீது அமர்ந்து கம்பளி வேலை செய்வர். ஒருவர் மட்டும் விளக்கருகே இருந்து பழங்கதைகளை உரக்கப் படிப்பர். 'குவெல்ட்வாக்கா' என்னும் இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நிலவியது. கை நூற்க, செவி கற்றது. பள்ளிகள் அரியவாயிருந்த அந்நாட்டில் பழைய இலக்கியம் எளியோர் நாவிலும் நின்றமைக்கு இது பெருங்காரணம் ஆயிற்று.

திருநாள் நெருங்குங்கால் வேலை கடுகும். அதற்கு முந்திய வாரத்தில், உறக்கம் மேலிடாதபடி இமைகளிற் சிறு குச்சிகளைப் பொருத்திக்கொண்டு உழைத்தனர் என்றுங் கூறுவர். உழைத்தோர்க்கு வீட்டுத் தலைவர் புத்தாடையோ புதுக் காலணியோ வழங்குவர். பணியாளரும் அப்பரிசு பெற்றனர். புதிதாக ஒன்றும் பெறாதாரைக் 'கிறிஸ்மஸ் பூனை' என்னும் பெரும் பூனை பற்றும் என்பது கதை. 1932-ல் யோஹன்னஸ் உர் கொட்லும் என்னும் புலவர் அதனைப் பாட்டாக்கி நாடறியச் செய்தார். சோம்பரை அச்சுறுத்த எழுந்தது இக்கதை என்பர். ஆயின் ஆடை பெறாதார் எல்லாரும் சோம்பரல்லர். வறியோர் வீட்டுச் சிறுவரும் அவருள் அடங்குவர். அப்புலவரும் அச்சிறுவரை நினைந்து உதவுமாறு வேண்டியே தம் பாட்டை முடித்தார். எனவே, பூனைக்கு அஞ்சவேண்டியவர் ஆடையில்லாதவர் அல்லர், அவரை மறந்தவரே என்பது நம் கருத்து.

தமிழில் இழைக்கும் ஏட்டிற்கும் 'நூல்' என்பது ஒன்றே பெயர். பஞ்சினின்று இழை தோன்றுமாறுபோலச் சொல்லினின்று நூல் தோன்றுவதைப் பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் விளக்கினார். நமக்கு உவமையாய் நின்ற அது, அப்பனிநாட்டு விளக்கொளியில் நாள்தோறும் நிகழ்ந்த செயலாயிருந்தது. கையால் நூற்றுப் பின்னிய பரிசில் ஒருவர் பிறர்க்கென ஈந்த பல இரவுகள் அடங்கியுள்ளன. அத்தகைய பரிசு நம் கைக்கு வருமாயின், அன்பர்களே, அதன் விலையை வினவாது, அதில் அமைந்த பொழுதை நினைவோமாக.