வெறுங்குலையில் ஒளிந்திருக்கும் வலிமை

மலேசியாவில் ரப்பர் வணிகப் பயிராக வேரூன்றிய தொடக்க இடங்களுள் ஒன்று, கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களில் காஜாங்கில் ரப்பர் பயிரிட்ட இன்ச் கென்னத் தோட்டம். தமிழர் உழைப்பில் வளர்ந்த ரப்பர்த் தோட்டங்கள் நாடெங்கும் பெருமளவில் செம்பனைக்கு மாறிவிட்ட இக்காலத்தில், அதே காஜாங் வட்டாரத்தின் பாங்கிப் பகுதியில் மலேசியச் செம்பனை வாரியமும் மலேசிய அணுசக்தி முகமையும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும், சற்றுத் தள்ளிச் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகமும் செம்பனை போன்ற பயிர்களின் நாரைக் கொண்டு உறுதியான கூட்டுப்பொருள்களை உருவாக்கும் ஆய்வுகளில் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகின்றன.

கூட்டுப்பொருள் என்பது, தன்மையில் மாறுபட்ட இரண்டு பொருள்கள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடாமல், தத்தம் இயல்போடு நின்று ஒன்றாகச் சுமை தாங்கும் அமைப்பாகும். மண் சுவருக்கு வைக்கோலைக் கலந்து மிதித்ததும் இந்த அடிப்படையில்தான். இழுவிசையைத் தாங்குவது நார். நார்களை இறுகப் பிடித்து, ஒன்றின் சுமையை மற்றொன்றுக்குக் கடத்துவது அவற்றைச் சூழ்ந்துள்ள பிசின் அல்லது பிளாஸ்டிக். இதைத் தாய்ப்பொருள் என்பர். கார்பன் நாரும் எபாக்சிப் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள் எஃகைவிட மிக இலேசாக இருந்தும் உறுதியில் குறையாததால், ஏர்பஸ் ஏ350 விமானக் கட்டமைப்பின் எடையில் ஏறத்தாழ 53 விழுக்காட்டைக் கூட்டுப்பொருள்களே பெற்றுள்ளன. 1990-இல் தொடங்கப்பட்ட சிடிஆர்எம் நிறுவனம் மலாக்காவில் விமானங்களுக்கான இத்தகைய பாகங்களைச் செய்து வருகிறது. ஆனால் கார்பன் நார் விலை மிகுந்தது. அதை உருவாக்கச் செலவாகும் ஆற்றலும் மிகுதி.

செம்பனை நார் அப்படியன்று. ஆலைக்கு வரும் பழக்குலைகளை நீராவியில் அவித்துப் பழங்களை உதிர்த்த பின் எஞ்சும் வெறுங்குலை, வந்த குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்; நாட்டில் 50 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் செம்பனை வளர்வதால் இந்த வரத்து ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை. அந்த வெறுங்குலையைப் பிரித்தெடுத்து, ஒரு நாரை நுண்நோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தால், அதன் மேற்பரப்பில் வரிசை வரிசையாக முள் முள்ளான சிலிக்கா மணிகள் பதிந்திருப்பதையும், அவை உதிர்ந்த இடங்களில் சிறு குழிகள் இருப்பதையும் காணலாம். இம்மணிகள் வெட்டும் கத்திகளை விரைவில் மழுங்கச் செய்கின்றன. உதிர்ந்தபின் எஞ்சும் குழிகளோ, பிசின் உள்ளே புகுந்து பற்றிக்கொள்ள இடம் தருகின்றன. நாரில் ஒட்டியிருக்கும் எஞ்சிய எண்ணெய், பிசின் பற்றுவதைத் தடுக்கிறது. இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை ஈரம்: செல்லுலோஸ் நிறைந்த நார் நீரை விரும்பி ஈர்ப்பது, பாலிபுரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்கோ நீரை விலக்குவது, ஆகவே இரண்டையும் வெறுமனே கலந்து அழுத்தினால் அவற்றுக்கிடையே இடைவெளி விழுந்து, சுமை ஏறியதும் நார் அறுபடாமல் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். கூட்டுப்பொருளின் வலிமையை நார் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதும், நாரும் தாய்ப்பொருளும் சந்திக்கும் மெல்லிய எல்லையே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் இத்துறையின் அடிப்படைப் பாடம்.

அந்த எல்லையைச் சீராக்கச் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் நாரை ஊறவைத்து எண்ணெயையும் மெழுகையும் நீக்குகிறார்கள். ஒரு முனையால் நாரையும் மறு முனையால் பிளாஸ்டிக்கையும் பற்றிக்கொள்ளும் இணைப்பு வேதிப்பொருள்களையும் சேர்க்கிறார்கள். பாங்கி அணுசக்தி முகமை கையாண்ட வழி இன்னும் கவனத்துக்குரியது: எபாக்சைடாக்கிய இயற்கை ரப்பரையும் பிவிசி பிளாஸ்டிக்கையும் செம்பனை நாரையும் கலந்து, அக்கலவையின் மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சும்போது மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. தோட்டங்களின் பழைய பயிரும் புதிய பயிரும் ஒரே பொருளில் சேரும் இந்த ஆய்வு பரவலாக அறியப்பட வேண்டியது.

உற்பத்தியில் வெப்பம் கடும் வரம்பை விதிக்கிறது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசுக்கு மேல் தாவர நார் கருகிச் சிதையத் தொடங்குவதால், 165 டிகிரி அளவில் உருகும் பாலிபுரோப்பிலீன் அதற்குப் பொருந்துகிறது. 200 டிகிரிக்கு மேல் உருகும் நைலான் வகைகள் பொருந்துவதில்லை.

வடிவமைப்பிலும் சிந்தனை மாறியாக வேண்டும். எஃகால் செய்த பாகத்தின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றினால் அது வளைந்து கொடுத்துவிடும். புத்ரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ். எம். சபுவான் குழுவினர் காரின் கை பிரேக் நெம்புகோலை எடுத்துக்கொண்டு, 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி நாருடன் கலக்கத் தகுந்த இயற்கை நார் எது என்பதை வலிமை, எடை, விலை போன்ற அளவுகோல்களுக்கு உரிய மதிப்பளித்துக் கணக்கிட்டு, கெனாஃப் என்னும் நார்ச்செடியைத் தேர்ந்தார்கள். பின்னர் அந்த நாருக்கு ஏற்றவாறு நெம்புகோலின் வடிவத்தையே புதிதாக வகுத்தார்கள். பொருள், வடிவம், உற்பத்தி முறை ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே ஒருசேர எண்ணும் இம்முறையே அண்மைக்கால முன்னேற்றங்களுள் முதன்மையானது.

இயற்கை நார் விமான இறக்கைக்கு உதவாது. ஈரம் படும் வெளிப்பாகங்களுக்கும் இன்னும் தயங்க வேண்டும். ஆனால் கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார் பஞ்சாலைக் கழிவும் பீனால் பிசினும் சேர்ந்த உடற்பலகைகளோடு 1957 முதல் 1991 வரை உற்பத்தியானது. அதுபோலக் கார்க் கதவின் உட்பலகை, அறைகலன், சரக்குப் பலகை ஆகியவற்றுக்குச் செம்பனை நார் நிச்சயம் தகும். தோட்ட மண்ணுக்குப் பொட்டாசியம் தரும் உரமாகவும் வெறுங்குலை பயன்படுவதால், எடுத்ததற்கு ஈடாக மண்ணுக்கு உரமிடும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆய்வகம் பெரும்பாலும் தன் பங்கைச் செய்துவிட்டது. ஆனால் ஆலைக்கு ஆலை, குலைக்குக் குலை மாறும் நாரைக் கொண்டு எந்தத் தொழிற்சாலையும் ஒரே தரத்தில் பொருள் செய்ய முடியாது. ஆகவே வெறுங்குலையை ஆலை வாசலிலேயே கழுவி, உலர்த்தி, தரம் பிரித்து விற்கும் ஏற்பாட்டை ஆலை உரிமையாளர்களும் அரசும் இனியும் தள்ளிப்போடக் கூடாது.