தர்க்கெட்டில்: ஒரு குடும்பப் பெயரின் வேர்

ஆங்கிலேயரிடையே அருகி வழங்கும் குடும்பப் பெயர்களுள் 'தர்க்கெட்டில்' என்பதும் ஒன்று. இதனைக் கேட்ட அளவில் நமக்கு நீர் கொதிக்கவைக்கும் கெட்டிலே நினைவுக்கு வரும். இக்குடும்பத்தின் முன்னோர் பாத்திரம் செய்தோர் போலும் என்றும் எண்ணத் தோன்றும். சொல்லைப் பொறுத்தவரை நம் ஊகம் சரியே. தொழிலைப் பொறுத்தவரை அது பிழை.

பழைய நோர்ஸ் மொழியில் 'தோர்' என்பது இடித்தெய்வத்தின் பெயர். 'கெட்டில்' என்பது கொப்பரையைக் குறிக்கும் சொல். இவ்விரண்டும் இணைந்த 'தோர்கெட்டில்', ஆண்மக்களுக்கு இட்டு வழங்கிய இயற்பெயராகும். அம்மொழியிலேயே அது 'தோர்கெல்' எனவும் குறுகியது. ஆகவே, இன்றைய தர்க்கெட்டில், தர்க்கெல் ஆகிய இரு குடும்பப் பெயர்களும் ஒரே வேரின் இரு கிளைகள்.

இப்பெயர் இங்கிலாந்தை அடைந்தது எவ்வாறு? 865இல் டேனியப் பெரும்படை கிழக்கு ஆங்கிலியாவில் வந்திறங்கியது. பின்னர்க் குடியேற்றமும் தொடர்ந்தது. 1017இல் கனூட் மன்னர் அப்பகுதியின் ஆட்சிப் பொறுப்பை 'நெடிய தோர்கெல்' என்னும் தலைவரிடம் ஒப்படைத்தார். 1086இல் தொகுக்கப்பெற்ற டூம்ஸ்டே நிலப்பதிவேட்டில் நெடுவடிவம், குறுவடிவம் இரண்டும் இடம்பெற்றுள்ளன.

1066இல் நார்மானியர் வென்றபின் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் முதலிய பெயர்கள் பெருகின. நோர்ஸ் இயற்பெயர்கள் மெல்ல வழக்கொழிந்தன. எனினும், அடுத்துவந்த நூற்றாண்டுகளில் தந்தையின் பெயர் பல குடும்பங்களில் வழிவழிப் பெயராக நிலைபெற்றது. அவ்வகையில், இயற்பெயராக மறைந்த தோர்கெட்டில் குடும்பப் பெயராகப் பிழைத்தது.

அங்ஙனமாயின், இப்பெயருடையோர் அனைவரும் வைக்கிங் வழித்தோன்றல்களா? அவ்வாறு முடிவு கட்டுதல் பொருந்தாது. டேனியர் குடியேறிப் பல தலைமுறைகள் கடந்த பின்னரே குடும்பப் பெயர்கள் நிலைபெற்றன. அதற்குள் இரு மக்களும் மணவுறவு கொண்டு கலந்துவிட்டனர். அயலார் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இடுதலும் இயல்பாயிற்று. மேலும், குடும்பப் பெயர் திருமணத்தாலும் வந்து சேரும். புதின ஆசிரியர் ஏஞ்சலா தர்க்கெல் பிறப்பால் மக்கேல் குடும்பத்தவர். 'தர்க்கெல்' அவர்தம் இரண்டாம் கணவரின் குடும்பப் பெயர்.

எனவே, ஒரு பெயரின் வரலாற்றை ஆராயப் புகும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: அதன் மிகப் பழைய வடிவம் யாது? அஃது எம்மொழிக்கு உரியது? எக்காலத்தில் குடும்பப் பெயராயிற்று? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் ஒரு மொழி சென்ற வழியை நமக்குக் காட்டும். குருதிவழியை நிறுவுதற்கு அவை மட்டும் போதா.