இடைநிலைப்பள்ளிக் கணித ஆசிரியர் உருவாக்கம்: பாட அறிவும் மொழி அறிவும்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் கணிதத்தைப் பெருமளவில் தமிழ்வழி கற்று, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிவழிக் கணிதத்தை எதிர்கொள்கின்றனர். இம்மாற்றத்தின் வாயிலில் நிற்பவர் இடைநிலைப்பள்ளிக் கணித ஆசிரியர். அவர் எவ்வாறு உருவாகின்றார், அவர் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

ஆசிரியராகும் வழிகள்

இப்பணிக்குரிய முதன்மையான வழிகள் இரண்டு. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் கல்விக்குப்பின் பல்கலைக்கழகத்தில் கணிதத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு கல்வியியல் இளங்கலைப் பட்டம் பெறுவது ஒன்று. 1922இல் தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இதற்குப் பெயர்பெற்றது. கணிதத்திலோ தொடர்புடைய துறையிலோ பட்டம் பெற்றபின் கல்வியியலில் பட்டப்பின் பட்டயம் பெறுவது மற்றொன்று. எவ்வழி வந்தவராயினும், அரசுப் பள்ளியில் நிரந்தர நியமனம் பெறக் கல்விச் சேவை ஆணையத்தின் தேர்வைக் கடத்தல் வேண்டும்.

ஆசிரியர் கல்விக் கழகங்கள் பெரும்பாலும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களையே உருவாக்குகின்றன. எனவே, ஆறாம் ஆண்டில் கணிதம் கற்பிப்பவரும் முதற்படிவத்தில் அதனைக் கற்பிப்பவரும் வெவ்வேறு நிறுவனங்களில், வெவ்வேறு மொழிச்சூழலில் பயிற்சி பெறுகின்றனர். இவ்விடைவெளி மாணவர்க்கே சுமையாகின்றது.

பாட அறிவும் கற்பித்தல் அறிவும்

பாடத்தை அறிதல் வேறு; பிறர் கற்குமாறு அதனை அறிதல் வேறு. இவ்விரண்டாவது வகை அறிவை லீ ஷூல்மன் 1986இல் வெளியிட்ட கட்டுரையில் தனித்து அடையாளங்காட்டினார். இதனைப் பாடஞ்சார் கற்பித்தல் அறிவு எனலாம்.

சான்றாக, 1/2 + 1/3 = 2/5 என மாணவர் எழுதுவதைக் கொள்வோம். இது தவறு என்பதையும் விடை 5/6 என்பதையும் கணிதம் கற்ற எவரும் கூறுவர். தொகுதி எண்களையும் பகுதி எண்களையும் தனித்தனியே கூட்டியதால் விளைந்த பிழை இது என உணர்ந்து, “ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரியதா, சிறியதா?” என வினவுபவரே ஆசிரியர். அரையுடன் ஒன்றைக் கூட்டியபின் கிடைப்பது அரையைவிடச் சிறியதாக இருத்தல் இயலாது என்பதை மாணவர் தாமே காண்பர்.

மொழி மாற்றமும் கணிதப் பிழையும்

தமிழில் ‘மூன்றில் ஒன்று’ என்கின்றோம். பகுதி எண் முந்துகின்றது. மலாயில் ‘சத்து பெர் தீகா’ என்பர். தொகுதி எண் முந்துகின்றது. முழுமையை மூன்றாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றை எடுத்தல் என்னும் பொருளைத் தமிழ்த்தொடர் தெளிவாகத் தருகின்றது. ஆயினும் வரிசை மாறுவதால், செவிவழி பின்னத்தை எழுதும் மாணவர் எண்களை இடம் மாற்றி எழுத நேரிடலாம்.

கழித்தலில் இச்சிக்கல் மேலும் நுட்பமானது. ‘ஐந்திலிருந்து மூன்றைக் கழி’ என்பது தமிழ் வரிசை. ‘தோலாக் தீகா டாரிபாடா லீமா’ என்பது மலாய் வரிசை. எண்களைக் கேட்ட வரிசையிலேயே எழுதும் மாணவர் 3 - 5 என எழுதுவர். தொடக்கப்பள்ளியில் குறை எண்கள் இடம்பெறாமையால், இவ்வாறு கழிக்க இயலாதெனத் தாமே திருத்திக்கொள்வர். முதற்படிவத்திலோ குறை எண்கள் அறிமுகமாகின்றன. -2 என்பதும் ஏற்புடைய விடையாகத் தோன்றுவதால் பிழை மறைந்துகொள்கின்றது. இதனை அறியாத ஆசிரியர், குறை எண்களில் மாணவர் தேர்ச்சியற்றவர் என முடிவு செய்யக்கூடும். உண்மையில் அவர் தவறியது கணக்கில் அன்று; தொடரமைப்பில்.

மொழிக்கொள்கை மாற்றங்களும் இங்குக் கருதத்தக்கவை. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் தமிழ்ப்பள்ளியில் பயின்றோர் இன்று ஆசிரியர்களாகும் வயதினர். பின்னம், பகுதி எண் முதலிய தமிழ்க் கலைச்சொற்களை அவர்கள் அனைவரும் வகுப்பறையில் கேட்டு வளர்ந்தவர்கள் எனக் கொள்ளுதல் இயலாது. எனவே, தமிழராயிருத்தல் மட்டுமே இத்தகுதியைத் தந்துவிடாது. அது பயின்று பெறவேண்டியது.

முடிவுரை

இடைநிலைப்பள்ளி ஆசிரியர் தமிழில் கற்பிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. பல்லின மாணவர் பயிலும் வகுப்பில் அஃது இயல்வதுமன்று. பிழையின் வேர் கணிதத்திலா, மொழியிலா எனப் பகுத்தறியும் திறன் எவ்வினத்து ஆசிரியர்க்கும் தேவை என்பதே நாம் வலியுறுத்துவது. இதற்குத் தமிழ், மலாய், ஆங்கிலக் கணிதத் தொடரமைப்புகளை ஒப்பிடும் சிறு கையேடு பெரிதும் துணைபுரியும். கலைச்சொற்பட்டியல் மட்டும் போதாது. எண்கள் தொடரில் அமையும் வரிசையும் விளக்கப்படுதல் வேண்டும். ஆறாம் ஆண்டு ஆசிரியர்களும் முதற்படிவ ஆசிரியர்களும் ஒருங்கிருந்து உருவாக்கத்தக்க இப்பணியில், இந்திய ஆய்வியல் துறைகள் மொழியியல் அடிப்படையை வழங்குதல் வேண்டும். மொழியை மாற்றிக் கற்கும் பிள்ளை, அதன் காரணமாகவே கணக்கு வராத பிள்ளை எனப் பெயர்பெறும் நிலை தவிர்க்கப்பட வேண்டும்.