கணினிக்குள்ளே ஒரு சேர்க்கைப் பதிவேடு

பிறந்தால் பிறப்புப் பதிவு. பள்ளியில் சேர்ந்தால் சேர்க்கைப் பதிவு. தேர்வெழுதப் போனால் பதிவெண். பெயர் பதியாமல் நமக்கு எதுவும் நடப்பதில்லை. கணினிக்குள்ளும் இப்படியொரு பதிவேடு உண்டு என்பதை நாங்கள் இவ்வாண்டுதான் அறிந்தோம்.

எங்கள் கணினி அறையில் இருந்த பழைய கணினி ஒன்றில் புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்தப்பட்டது. ஆவலோடு சுவிட்சைப் போட்டோம். திரையில் வெளிச்சம் வந்தது. ஆனால் எழுத்துகள் பூதாகாரமாகத் தெரிந்தன. படங்கள் நத்தைபோல் ஊர்ந்தன. "கார்டு பழுது" என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். எங்கள் டீச்சர் ஒரு கட்டளையைத் தட்டிப் பார்த்தார். கணினியில் உள்ள கருவிகளின் பட்டியலில் அந்தக் கார்டும் இருந்தது. ஆனால் அதன்கீழ் எந்த டிரைவரின் பெயரும் இல்லை. "கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பதிவு செய்யத்தான் ஆள் இல்லை" என்றார் டீச்சர். அந்தப் பதிவு எப்படி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

எங்கள் கணினியில் இருப்பது லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு, தம் 21-ஆம் வயதில், இதன் கெர்னலை வெளியிட்டார். கெர்னல் என்பது இயக்க முறைமையின் உட்கரு. நினைவகம், வட்டு, திரை ஆகிய எதையும் மற்ற நிரல்கள் கெர்னலைக் கேட்டே பயன்படுத்தவேண்டும். ஆனால் உலகிலுள்ள எல்லாக் கருவிகளின் குணத்தையும் கெர்னலின் நடுப்பகுதி அறிந்திருக்க முடியாது. ஒவ்வொரு வகைக் கருவிக்கும் அதன் குணமறிந்த தனி நிரல் வேண்டும். அதுவே டிரைவர். லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர்களைக் கவனிக்கும் பகுதிக்கு டி.ஆர்.எம். என்று பெயர்.

அடையாள எண்

கணினியில் செருகப்படும் ஒவ்வொரு கார்டும் இரண்டு எண்களைத் தன்னுள் வைத்திருக்கும். ஒன்று செய்த நிறுவனத்தின் எண்; மற்றொன்று அந்த மாதிரியின் எண். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரும் 8086தான் என்பது சுவையான செய்தி அன்றோ? ஏ.எம்.டி. கிராபிக்ஸ் கார்டுகளின் எண் 1002.

டிரைவரும் தன்னிடம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். "இந்த எண்ணுள்ள கார்டுகளை நான் கவனிப்பேன்" என்பது அதன் பொருள். கெர்னல் இரண்டையும் ஒப்பிடும். பொருந்தினால், "உன் கார்டு வந்திருக்கிறது, வந்து பார்" என்று டிரைவரை அழைக்கும். பொருந்தாவிட்டால் கார்டு கேட்பாரற்று நிற்கும். எங்கள் கார்டு நின்றதும் இப்படித்தான்.

பதிவின் படிகள்

அழைப்பு வந்ததும் டிரைவர் முதலில் அந்தக் கார்டுக்கென ஒரு குறிப்பேட்டை நினைவகத்தில் ஒதுக்குகிறது. கார்டினால் என்னென்ன செய்ய முடியும் என்பது அதில் குறிக்கப்படும். பிறகு கார்டின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோடு தொடர்பு ஏற்படுத்துகிறது. கடிகாரத் துடிப்பைச் சரிசெய்கிறது. படங்களை வைக்க நினைவகத்தை ஆயத்தம் செய்கிறது. படம் எந்தத் தளத்தில் இருக்கும், எந்த வேகத்தில் வரிவரியாக அனுப்பப்படும், எவ்வகைச் சைகையாக மாறும், எந்தச் சாக்கெட் வழியே வெளியேறும் என்ற நான்கையும் வரிசையாக இணைக்கிறது.

இவையெல்லாம் முடிந்தபின்தான் கடைசிப் படி: பதிவு. அந்த நொடியில் கார்டுக்கு ஒரு வாசல் திறக்கிறது. லினக்ஸில் அந்த வாசல் ஒரு கோப்பின் உருவில் இருக்கும். முதல் கார்டுக்குக் 'கார்டு 0' என்று பெயர். பல டிரைவர்கள் 128 என்ற எண்ணில் தொடங்கும் இரண்டாவது வாசலையும் திறக்கும். முதல் வாசலில் திரையின் அளவையே மாற்றலாம். இரண்டாவதில் வரையவும் கணக்கிடவும் மட்டுமே முடியும். ஒரு விளையாட்டு நிரலுக்கு இரண்டாவதே போதும். திரையின் ஆட்சி அதன் கைக்குப் போகாது.

பதிவு ஏன் கடைசியில் வரவேண்டும்? வாசல் திறந்த கணமே எந்த நிரலும் உள்ளே நுழையலாம். சோறு வேகுமுன் இலை போட்டு விருந்தாளியை உட்கார வைத்தால் என்ன ஆகும்? பாதி ஆயத்தமான கார்டை ஒரு நிரல் தொட்டால் கணினியே உறைந்துபோகலாம். முற்காலத்து டிரைவர்கள் சில, வாசல் திறந்தபின் மீதி வேலையைச் செய்துகொண்டிருந்தன. புதிய டிரைவர்கள் அந்த முறையைக் கையாளக் கூடாது என்று கெர்னலின் விளக்கவுரை எச்சரிக்கிறது.

விடைபெறுவதிலும் ஒழுங்கு

யு.எஸ்.பி. வழியாகத் திரையை இணைக்கும் கருவிகளைத் திடீரென்று பிடுங்கிவிடலாம். கருவி போய்விட்டாலும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த நிரல் இன்னும் வாசலில் நிற்கும். ஆகவே டிரைவர் முதலில் பதிவை நீக்குகிறது. புதியவர் யாரும் நுழைய முடியாது. ஆனால் குறிப்பேட்டை உடனே அழிப்பதில்லை. எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை இருக்கும். கடைசி ஆளும் விட்டபின், எண்ணிக்கை பூச்சியம் ஆனபின்தான் அது அழிக்கப்படும். அவசரப்பட்டு அழித்தால், இல்லாத நினைவகத்தை நிரல் தொடும். அது கணினியின் பாதுகாப்புக்கே ஆபத்து.

எழுதி வைத்தவர்களுக்கு நன்றி

இத்தனை விதிகளும் யாருக்கு எப்படித் தெரியும்? லினக்ஸை எழுதுவோர் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவரும் உண்டு. ஆகவே நிரலுக்கு மேலேயே அதன் விளக்கத்தையும் எழுதுகிறார்கள். ஒரு சாய்கோடும் இரு நட்சத்திரங்களும் இட்டுத் தொடங்கும் குறிப்புகளை ஒரு கருவி திரட்டிப் புத்தகம்போல் ஆக்குகிறது. 2016 முதல் இதற்கு ஸ்பிங்ஸ் என்னும் கருவி பயன்படுகிறது. பதிவின் படிகளைக் காட்டும் மாதிரி டிரைவர் ஒன்றும் அந்த விளக்கத்தில் உண்டு. நிரலை மாற்றுபவர் பக்கத்திலிருக்கும் விளக்கத்தையும் மாற்றாவிட்டால், அடுத்து வருபவர் வழி தவறுவார். விளக்கம் எழுதுவது சிறு வேலை என்று நினைத்திருந்தோம். இப்போது அப்படி நினைப்பதில்லை.

எங்கள் கார்டின் கதை என்னவாயிற்று? கெர்னல் பழையது, அதன் டிரைவர் பட்டியலில் புதிய கார்டின் எண் இல்லை. புதிய கெர்னலை நிறுவியதும் எண் பொருந்தியது, பதிவு நடந்தது, திரை பளிச்சென்று தெளிந்தது. கார்டை நாங்கள் தொடவே இல்லை.

நன்றாயிருந்த ஒன்றைப் பழுதென்று சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டோம். இனி எதையும் குறை சொல்லுமுன், அதன் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி