கேள்விக்கு ஆர்டர் எடுத்த சமையற்கூடம்

2002 ஏப்ரலில் கூகுள் ஒரு வினோதமான கடை திறந்தது. எங்கே தேடியும் கிடைக்காத விஷயத்தை அங்கே காசு கொடுத்துக் கேட்கலாம். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தேடியெடுத்து எழுதித் தருவார். பெயர் கூகுள் ஆன்சர்ஸ். அது இயங்கிய விதம், பலகாரத்துக்கு ஆர்டர் எடுக்கும் சமையற்கூடம் மாதிரிதான். அந்த வாசல் வழியாகவே உள்ளே போவோம்.

வாசலில் ஒரு பலகை. என்ன பலகாரம் வேண்டும், எவ்வளவு தருவீர்கள் என்று சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். விலை சொல்வது சமையற்காரர் இல்லை, நீங்கள்தான்: 2 டாலரிலிருந்து 200 டாலர் வரை. சீட்டு ஒட்ட அரை டாலர் தனி. பலகாரம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த அரை டாலர் திரும்பாது. சில்லறைக் காசுதானே என்று தோன்றும். ஆனால் அது இல்லாவிட்டால் பலகை முழுக்க விளையாட்டுச் சீட்டுதான் தொங்கியிருக்கும்.

உள்ளே அடுப்படியில் இருந்தவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை. சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்ட வெளியாட்கள். 'ஆய்வாளர்' என்பது அவர்களுக்குக் கொடுத்த பெயர். மொத்தத்தில் எண்ணூறு பேருக்கு மேல் அங்கே பதில் எழுதியிருக்கிறார்கள். கிடைக்கும் விலையில் முக்கால் பங்கு எழுதியவருக்கு, கால் பங்கு கடைக்கு. சுவை பிடித்துப்போனால் மேலே டிப்ஸும் வைக்கலாம்.

என்னைக் கேட்டால், அந்தக் கூடத்தின் சூட்சுமம் பூட்டில்தான் இருந்தது. ஓர் ஆய்வாளர் சீட்டைக் கழற்றி அடுப்பேற்றிவிட்டால், சில மணி நேரத்துக்கு வேறு யாரும் அந்த ஆர்டரைத் தொட முடியாது. பூட்டு இல்லையென்றால் என்ன ஆகும்? ஒரே அதிரசத்துக்கு ஐந்து பேர் மாவு இடிப்பார்கள். முதலில் சுட்டு எடுத்தவருக்குக் காசு, மற்ற நால்வருக்கும் மாவு நஷ்டம். மறுநாள் அந்த நால்வரும் வேலைக்கு வர மாட்டார்கள். வந்தாலும் அரைவேக்காட்டில் இறக்கி ஓடத்தான் பார்ப்பார்கள். காசு நமக்கே என்ற உறுதி இருந்ததால்தான் ஒருவரால் நிதானமாகப் பாகுப்பதம் பார்க்க முடிந்தது.

சீட்டில் 'அதிரசம்' என்று மட்டும் இருந்தால் போதாதே. எத்தனை, வெல்லமா கருப்பட்டியா? 'இந்தியாவில் தேயிலை விற்பனை எவ்வளவு?' என்று ஒருவர் கேட்டால் எடைக்கணக்கா, பணக்கணக்கா, எந்த ஆண்டுக்கு என்று ஆய்வாளர் திருப்பிக் கேட்கலாம். பரிமாறிய பிறகு உப்புக் குறைவென்றால் வாங்கியவர் திருத்தச் சொல்லலாம், நட்சத்திர மதிப்பெண் போடலாம், வாயில் வைக்க முடியவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

அந்தக் கூடத்துக்குக் கதவு கிடையாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கியதை ஊரே சும்மா எடுத்துத் தின்னலாம். பதில்கள் எல்லாம் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தன. அதோடு, ஆய்வாளர் அல்லாதவர்களும் கேள்விக்குக் கீழே கருத்து எழுதலாம். இவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. அடுப்பு பற்றவைப்பதற்குள், "இந்தாங்க, எங்க வீட்டில் நேற்றுச் சுட்டது" என்று தட்டை நீட்டிவிடுவார்கள். கேட்டவருக்கு அதுவே போதுமென்றால் சீட்டைக் கிழித்துவிடலாம். நஷ்டம் அரை டாலர்தான். ஆய்வாளருக்கு ஒன்றும் கிடையாது.

அப்படியானால் காசு கொடுத்ததில் பலன் உண்டா? மேக்ஸ்வெல் ஹார்ப்பரும் அவருடன் வேலை செய்த ஆராய்ச்சியாளர்களும் இந்த மாதிரித் தளங்களில் கேள்விகளைப் போட்டுப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். இலவசத் தளங்களைவிட கூகுள் ஆன்சர்ஸில் வந்த பதில்கள் தரமானவை. அங்கேயும் கூடுதல் விலைக்குக் கூடுதல் தரம் கிடைத்தது. 'காசுக்கேத்த தோசை' கணக்கு அப்படியே பொருந்தியது.

ஆனால் அதற்குள் கடையே இல்லை. 2005 டிசம்பரில் யாஹூ ஆன்சர்ஸ் இலவசப் பந்தி போட்டுக் கூட்டத்தை அள்ளியது. 2006 இறுதியில் கூகுள் புதிய சீட்டு வாங்குவதை நிறுத்திக்கொண்டது. பழைய ஆய்வாளர்கள் சிலர் மறு வருடம் யூக்ளூ என்ற பெயரில் தாங்களே அடுப்பு மூட்டினார்கள்.

இன்றும் தகவல் தேடித் தரக் கூலிக்கு ஆள் பிடிக்கும் தளங்கள் உண்டு. அங்கே போகிறவர்கள் சீட்டை ஒழுங்காக எழுதுங்கள்: எதற்காகக் கேட்கிறீர்கள், ஏற்கெனவே எங்கெல்லாம் தேடிவிட்டீர்கள், எப்படிப்பட்ட பதில் வந்தால் திருப்தி என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். அரை நாள் வேலைக்கு 2 டாலர் எழுதி ஒட்டிவிட்டு, யாரும் வரவில்லை என்று குறைப்படாதீர்கள்.